அழையா விருந்தும் நட்ட ஈடும்

சொல்லைப் பற்றிய ஐயம் தீர்த்துக்கொள்ள என்னை நாடி வருவோர் சிலர் உளர். பெரும்பாலும் அவர்கள் மாணவர்களே. பரீட்சை நெருங்கும் காலத்தில் ஆகுபெயரோ வேற்றுமை மயக்கமோ அவர்களை வருத்தும்போது வருவர். ஆனால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தவர் மாணவர் அல்லர். புத்தளம் களப்பிலே வலைவீசிப் பிழைக்கும் முதியவர் அவர். அவருடைய மகன் முன்னொரு காலத்தில் என்னிடம் படித்தவன். அவர் கையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது.

“மாஸ்டர், இதில ஒரு சொல் விளங்கல்ல. எங்கட ஊரை விருந்தோம்பும் சமூகம் எண்டு போட்டிருக்கு. ஆருக்கு விருந்து?”

“இருங்க நானா, பாப்பம்” என்று தாளை வாங்கிப் படித்தேன்.

அது ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கப்பட்ட ஓர் அறிவித்தல். எந்த அலுவலகத்தது, எத்திட்டத்தைப் பற்றியது என்பன ஈண்டு வேண்டா. கழிவுப் பொருளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்ப்பதைப் பற்றியது என்று சொன்னால் போதும். ஆங்கிலத்திலே விருந்தளிப்பவனையும், பிறர்க்குரிய ஒன்றைத் தன் நிலத்தில் வைத்துக்கொள்பவனையும் ஒரே சொல்லால் குறிப்பர். தமிழாக்கியவர் அகராதியில் முதற்கண் கண்ட பொருளை எடுத்து வைத்துவிட்டார். அதே தாளில், குப்பைக் குவியலிலிருந்து ஊறிக் கசியும் நச்சு நீருக்குரிய ஆங்கிலச் சொல் தமிழ் எழுத்தில் அப்படியே நின்றது. களப்பிலே இறால் பிடிப்பவன் எதை அஞ்ச வேண்டுமோ அது அவனுக்கு விளங்காத சொல்லில் இருந்தது. அவன் அஞ்ச வேண்டாததோ செந்தமிழில் இருந்தது. கசிநீர் என்று எழுதுவதற்கு எவ்வளவு மை செலவாகும்?

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். தொல்காப்பியர் செய்யுளின் எண்வகை வனப்புக்களுள் ஒன்றாக விருந்தை வைத்தமை மாணவர் அறிவர். புதிதாகப் புனையப்படுவது என்பது அங்கே பொருள். புதிதாய் வருபவனுக்குப் பின்னர் அப்பெயர் ஆகிவந்தது. வந்தவன் சில நாளில் போய்விடுவான் என்பதும் அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றது. போகாதவனை எவரும் விருந்தினன் என்பதில்லை. அவனுக்குத் தமிழில் வேறு பெயர்கள் உள. அவற்றை இப்பத்திரிகையில் எழுதுதல் தகாது.

புத்தளத்துக் கரைக்கு விருந்தோம்பலைப் பற்றி எவரும் பாடம் சொல்லவேண்டுவதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் உடுத்த உடையோடு இம்மாவட்டத்தை வந்தடைந்தனர். தென்னந்தோப்புக்களிலும் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அவர்கள் தங்கினர். தமக்கே நல்ல தண்ணீர் அரிதாயிருந்த ஊர்கள் அத்தண்ணீரைப் பகிர்ந்துகொண்டன. மனத்தாங்கல்கள் இல்லாமலில்லை; நிலமும் வேலையும் பள்ளியிடமும் பங்குபோகும்போது அவை எங்கும் எழுபவை. ஆயினும் ஊர் கதவடைக்கவில்லை. அவ்வூர்களை விருந்தோம்பும் சமூகம் என்று எவரேனும் எழுதியிருந்தால் யான் ஓர் எழுத்தும் திருத்தியிருக்க மாட்டேன்.

மனிதர் வந்ததற்கு முன்னும் பின்னும் இக்கரைக்கு வேறு பலவும் வந்தன. சுண்ணாம்புக்கல் அகழப்பட்டுச் சீமெந்து ஆலைக்குப் போயிற்று, பெரும்பள்ளங்கள் எஞ்சின. பின்னர், கற்பிட்டிக் குடாநாட்டிலே, தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குத் தொலைவில்லாத நுரைச்சோலையில், நிலக்கரி மின்நிலையம் எழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபையும் மீனவரும் தோட்டக்காரரும் அதனை எதிர்த்தனர். 2006இல் வேலை தொடங்கி, 2011இல் முதற்பொறி இயங்கி, 2014இல் மூன்று பொறிகளும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயிற்று. நாட்டின் விளக்குகளிற் கணிசமான பகுதி அங்கிருந்து எரிகின்றது. அதனை மறைப்பது நன்றியன்று. ஆனால், எரிந்த கரியின் சாம்பல் இங்கேதான் எஞ்சுகின்றது. அதில் ஒரு பகுதி சீமெந்துக்குப் போக, மீதி குவிகின்றது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெங்காயப் பாத்திமேலும் மிளகாய்ச் செடிமேலும் கரித்தூள் படிகின்றது என்று அயலூரார் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றனர். கரைவலைப் பாடுகள் கெட்டன என்பது மீனவர் முறையீடு. படு என்னும் பகுதி நீண்டு பாடு ஆயிற்று என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பேன். வலைபடும் இடமும் பாடு, மனிதர் படும் துன்பமும் பாடு. இலக்கணம் சில வேளை மிகக் கொடிய நகைச்சுவை உடையது.

மூன்றாவதாக வந்தது குப்பை. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆம் நாள், புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டன. மாண்டவர் ஏழைகள். குப்பையை அங்கே கொட்டியபோது அவர்களிடம் எவரும் சம்மதம் கேட்டாரல்லர். ஆகவே தலைநகரின் குப்பைக்கு ஒழுங்கான இடம் வேண்டும் என்பதை மறுக்க எனக்கு நா எழவில்லை. அவ்விடமாக வகுக்கப்பட்டது வனாத்தவில்லுப் பகுதியிலுள்ள அருவக்காடு. சுண்ணாம்புக்கல் அகழ்ந்து கைவிட்ட பள்ளங்கள். களனியிலிருந்து ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் இரயிலேற்றி, நாளொன்றுக்கு 1200 தொன் வரை கொண்டுவருவது திட்டம். அருகே வில்பத்துக் காடு. மறுபுறம் காலா ஓயா கடலை அடையும் கங்கைவாடியும் கண்டற்காடும் சேராக்குளியும் களப்பும். பயன்படாத பள்ளம் என்று கொழும்பிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பள்ளத்துக்குக் கீழே சுண்ணாம்புப் பாறை; அதனூடே நீர் ஓடும்; நீர் களப்புக்கு வரும். இது களப்பில் நிற்பவரின் கணக்கு. அடியில் விரிப்பு இடுவோம், கசிநீரைச் சுத்திகரிப்போம் என்று பொறியியலார் சொல்லினர். சொல்லியபடி செய்யவுங்கூடும். விரிப்பு எத்தனை ஆண்டு தாங்கும், அதன்பின் காவல் நிற்பவர் யார் என்பதே ஊரவர் கேள்வி.

2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புத்தளம் நகரிலே தொடங்கிய சத்தியாக்கிரகம் நூறு நாளைக் கடந்து நீண்டது. முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் ஒரே பந்தலின்கீழ் இருந்தனர். இம்மாவட்டத்தில் அதுவே ஒரு செய்தி. 2019 மார்ச்சில் கொழும்புக்கும் சென்று முறையிட்டனர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் குப்பை வந்தது. ஒக்டோபரில் அங்கே ஒரு வெடிப்பு நிகழ்ந்தது. குவிந்த குப்பையில் எரிவாயு பிறக்கும் என்பது பாடசாலை விஞ்ஞானம், அறியாதவர் எவருமில்லை.

இனி நட்ட ஈட்டுக்கு வருவோம். ஈடு என்பது இடு என்பதிலிருந்து பிறந்த முதனிலை திரிந்த தொழிற்பெயர். அதற்கு ஒப்பு என்று ஒரு பொருள். அடைமானம் என்று மற்றொரு பொருள். நகையை ஈடு வைத்தான் என்கிறோம். ஈடு வைத்தது மீளும், மீளவேண்டும் என்னும் எண்ணம் அதில் உண்டு. விலைக்கும் ஈட்டுக்கும் உள்ள வேறுபாடு அதுதான். விற்றவனுக்குப் பின்னர் வாய்ப்பேச்சு இல்லை. ஈடு கொடுத்தவனுக்கோ கேட்கும் உரிமை நாளும் உண்டு. கழிவைக் கொண்டுவருவோர் நட்ட ஈடு என்று சொல்லும்போது மனத்தில் விலையை வைத்திருக்கின்றனர்: ஒரு மண்டபம், ஒரு விளையாட்டுத் திடல், ஒரு வீதி, அத்துடன் கணக்குத் தீர்ந்தது. ஊரவர் கேட்பது மற்றதை.

இவ்வேறுபாடு ஒரு பண்டிதனின் சொல்விளையாட்டு என்று எண்ணுவோர்க்கு அயல்நாட்டுச் சான்று ஒன்று காட்டுவேன். கழிவுகளுள் மிக நெடுங்காலம் நின்று தீங்கு செய்வது அணுக்கழிவு. ஆதலால் அதனைத் தாங்கும் ஊர்களுக்கு என்ன ஈடு தருவது என்பதை உலகம் மிக ஆழமாக ஆராய்ந்துள்ளது. சுவிற்சர்லாந்திலே வோல்ஃபென்ஷீசன் என்னும் சிற்றூர் மக்களை 1993இல் இரு பொருளியலறிஞர் வினவினர்: உங்கள் ஊரில் அணுக்கழிவு வைக்க உடன்படுவீர்களா? பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆம் என்றனர். ஆண்டுதோறும் இவ்வளவு பணம் தருவோம், இப்போது உடன்படுவீர்களா என்று மறுபடி வினவினர். ஆம் என்றோர் ஏறத்தாழ நாலிலொரு பங்காகக் குறைந்தனர். தொகையை உயர்த்திக் கூறியும் நிலை பெரிதும் மாறவில்லை. நாட்டுக்காகச் சுமப்போம் என்று எண்ணியிருந்தவனிடம் உன் தோளுக்கு விலை என்ன என்று கேட்டபோது அவன் தோளைச் சுருக்கிக்கொண்டான். பணம் தருகிறார்களென்றால் தீங்கு பெரிதாகத்தான் இருக்கவேண்டும் என்று சிலர் அஞ்சியும் இருப்பர். 1995இலும் 2002இலும் அம்மாநிலத்தார் வாக்களித்து அத்திட்டத்தை மறுத்தனர், மறுப்பு மதிக்கப்பட்டது.

இதைக் கேட்டு, ஆகவே பணமே கொடுக்கவேண்டா என்று எவரும் மகிழ்ந்துவிடற்க. வயிறு நிறைந்த ஊரின் மானமும் வலை வெறுமையாகத் திரும்பும் ஊரின் மானமும் ஒன்றேயாயினும், அவற்றைக் காக்கும் ஆற்றல் ஒன்றல்ல. பள்ளிக்கூடச் சம்பளம் மாதந்தோறும் கைக்கு வரும் யான், களப்பை நம்பியிருப்பவனைப் பார்த்துப் பணத்தைத் தொடாதே என்று சொல்வது நாணத்தக்கது. கொடுக்கத்தான் வேண்டும். எப்போது, யார் கையில், எதற்கு மாறாக என்பதில்தான் வழக்கு.

தைவானுக்கு அப்பால் லான்யூ என்றொரு சிறு தீவு. அங்கே வாழ்வோர் டாவோ என்னும் பழங்குடி மீனவர். 1982 முதல் அங்கே அணுக்கழிவுப் பீப்பாய்கள் வந்திறங்கின. ஏறத்தாழ ஒரு லட்சம். ரின் மீன் தொழிற்சாலை கட்டுகிறோம் என்றே தங்களுக்குச் சொல்லப்பட்டது என்பது அத்தீவினரின் முறையீடு. மீனவனிடம் மீனின் பெயரால் சொல்லப்பட்ட பொய்! 2019இல் அரசு 255 கோடி தைவான் டொலர் ஈடு தருவதாக அறிவித்தது. முதலில் பீப்பாய்களை எடுத்துச் செல்லுங்கள் என்பதே தீவினர் பலரின் மறுமொழியாயிற்று. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டம் வேறுவிதமான ஈடு காட்டிற்று: கழிவு வருமுன் ஆண்டுக்கு ஒரு கோடி டொலர், வந்தபின் இரண்டு கோடி, அதற்கு மாறாக மறுப்புரிமையைக் கைவிடவேண்டும். அம்மாநிலம் கையெழுத்திடவில்லை. வாயை மூடுவதற்குத் தருவதை ஈடு என்று எந்த நிகண்டும் கூறாது.

செம்மையான வழியும் ஒன்று உண்டு. சுவீடனில் இரண்டு ஊர்கள் அணுக்கழிவுச் சுரங்கத்துக்குப் பொருத்தமானவையாக நின்றன. எவ்வூர் என்று முடிவாகுமுன்பே, 2009இல், இருநூறு கோடி குரோனர் வரை பெறுமதியான வளர்ச்சிப் பணிகளைப் பற்றி உடன்படிக்கை செய்தனர். அதில் முக்காற்பங்கு தெரிவாகாத ஊருக்கு. காற்பங்கு தெரிவாகும் ஊருக்கு! முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே எண்ணினேன். சுரங்கம் வரும் ஊருக்கு வேலையும் வருவாயும் தாமே வரும், வராத ஊரும் பல்லாண்டு ஒத்துழைத்ததன்றோ என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கினால் சம்மதத்துக்கும் பணத்துக்கும் இடையிலிருந்த முடிச்சு அவிழ்ந்தது. தெரிவான ஓஸ்தம்மார் ஊரவைக்கு வேண்டா என்று சொல்லும் உரிமை இறுதிவரை இருந்தது. அவ்வுரிமையைக் கையில் வைத்துக்கொண்டே 2020இல் ஆம் என்றது.

தென்கொரியாவிலே கியோங்ஜு நகரத்தார் 2005இல் வாக்களித்துப் பெரும்பான்மையாக உடன்பட்டனர்; பெருந்தொகையும் பெற்றனர். பணத்துக்கு இசைந்த ஊரும் உண்டு என்பார்க்கு இதுவே சான்று, யான் மறைக்கவில்லை. ஆயினும் அங்கே ஊரே வாக்களித்தது. அன்றியும், இதைவிடக் கொடிய கழிவு, அதாவது எரிந்து தீர்ந்த அணு எரிபொருள், அதே இடத்துக்கு வாராது என்று சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தனர். சீமெந்துக்குப் பின் கரி, கரிக்குப் பின் குப்பை என்று கண்ட புத்தளத்தாருக்கு இக்கடைசிச் செய்தி மண்டபங்கள் பத்தினும் பெரிது.

நம் கரையிலிருந்து நேர் மேற்கே, மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் நிற்கிறது கூடங்குளம். 2011, 2012ஆம் ஆண்டுகளில் இடிந்தகரை மீனவர் நடத்திய போராட்டத்தை நம்மவர் அறிவர். 2012இல் தமிழ்நாட்டு அரசு அவ்வட்டாரத்துக்கு 500 கோடி ரூபா வளர்ச்சித் திட்டம் அறிவித்தது. ஆலைக்கு இசைவளித்த அதே வேளையில் அறிவித்தது. எரிந்த எரிபொருளை வளாகத்திலேயே சேமிப்பதைப் பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் 2019 யூலையில் நடத்தப்பட இருந்து, எதிர்ப்பினால் தள்ளிவைக்கப்பட்டது. பணம் முன்னே வந்தது. கழிவைப் பற்றிய கேள்வி ஏழாண்டு கழித்து வந்தது. வரிசை பிழைத்தால் வாக்கியம் பொருள் தராது.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டுத் தேசிய சுற்றாடற் சட்டமும் 1988ஆம் ஆண்டுத் திருத்தமும் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் அறிக்கை வேண்டும் என்கின்றன. பொதுமக்கள் கருத்துரைக்க முப்பது வேலை நாட்கள் உண்டு. நல்ல சட்டமே. ஆனால் முப்பது நாளில் அத்தகைய அறிக்கையைப் படித்து மறுமொழி எழுத வல்லவர் எம்மூரில் எத்துணைபேர்? மீனவர் சங்கக் கட்டடத்திலும் பள்ளிவாசலிலும் கோவில் முன்றிலிலும் தேவாலய வளவிலும் அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசித்துப் பொருள் சொல்லிய பின்னரே அந்நாட்கள் எண்ணப்படவேண்டும். இப்பணிக்கு ஆசிரியர்கள் இருக்கிறோம். எங்களை அழைத்தால் கூலியின்றி வருவோம்.

பணத்தைப் பொறுத்தவரை, குப்பை அனுப்பும் நகரமே நிறுத்தெடுக்கும் ஒவ்வொரு தொன்னுக்கும் கட்டணம் செலுத்துவது நேர்மை. ஒருமுறை தரும் கொடை நகரத்தின் மறதிக்கு உதவும். தொன்னுக்குத் தொன் செலுத்த நேரின் குப்பையைக் குறைக்கும் புத்தியும் உடன் வரும். அப்பணம் ஊர்களின் பேரால் ஒரு நம்பிக்கைப் பொறுப்பில் இருக்க, தராசுக் கணக்கை ஊரவர் எவரும் பார்க்கலாம் என்ற விதி வேண்டும். பள்ளம் நிரம்பி மூடிய பின்னும் கசிநீர் நிற்பதில்லை. ஆதலால் மூடிய பிந்திய ஆண்டுகளுக்கும் அதில் ஒரு பங்கை ஒதுக்கவேண்டும். களப்பின் நீரையும் இறாலின் அளவையும் குப்பை வருமுன்பே அளந்து பதிந்து வைத்திருத்தல் அவசியம். இல்லையேல் நட்டம் நேர்ந்தபின், முன்பு எவ்வளவு இருந்தது, காட்டு என்று நம்மையே கேட்பர். 2021 மே மாதத்தில் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது. கப்பலுக்குரியோர் நூறு கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 யூலையில். நான்காண்டு. தீர்ப்பு வேறு, வலைக்காரன் கைக்கு வரும் காசு வேறு.

இவையெல்லாம் அன்று மாலை என் நினைவில் இருந்தன என்று சொல்லேன். பல பின்னர்த் தேடி அறிந்தவை. அன்று யான் செய்தது, ஒரு பண்டிதன் செய்யக்கூடியதுதான். தாளில் விருந்தோம்பும் என்ற சொல்லைக் கோடிட்டு வெட்டி, மேலே, சுமக்கும் ஊர் என்று எழுதிக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.

“சுமக்கிறம் எண்டு நாங்க இன்னும் சொல்லல்லயே, மாஸ்டர்” என்றார்.

அதனையும் வெட்டினேன். பின்னர் இருவரும் விளக்கு வைக்கும் நேரம் வரை இருந்து ஒரு கடிதம் எழுதினோம். வருவது என்ன, எத்தனை நாளைக்கு, வேண்டா என்றால் கேட்பீர்களா என்பன முதல் மூன்று கேள்விகள். நட்ட ஈட்டைப் பற்றியது நான்காவது. அவர் தம் பெயரைத் தமிழில் எழுதி, கீழே தேதியும் இட்டார். மறுநாள் காலை பதிவுத் தபாலில் சேர்த்த பற்றுச்சீட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.